பையன் என்ன வேலை பார்க்கிறான்?

(நாக்பூர் கிளையின் குடும்ப ஸங்கமத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"மாமா, ஏதாவது உபயோகமான விஷயமாகப் பேசுங்கோ. ஆனா சாப்பாட்டுக்கு முன்னால முடிச்சுடுங்கோ" என்று செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். ரஸத்தின் வாசனை எனக்கும் வருகிறது. சீக்கிரமே முடித்துவிடுகிறேன்.

நான் 1970ல் திருச்சியில் பி.எஸ்ஸி. ரஸாயனம் முடித்தவன். 1972ல் மத்திய அரசின் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, 38 வருஷம் கனிமங்களைப் பொடித்து, கரைத்து, எடை போட்டு, 2010ல் ரிடையர் ஆனேன். எதையும் அட்டவணை போட்டுப் பார்ப்பது அங்கே தொற்றிக்கொண்ட வழக்கம். அதனால் இன்றைய பேச்சில் கொஞ்சம் எண்கள் வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் கூட்டங்களில் இருவர் சந்தித்தால் மூன்றாவது நிமிஷம் ஒரு கேள்வி வரும். "பையன் எங்கே?" "அமெரிக்காவில்." "என்னவாக இருக்கான்?" "எச்-1பி." கேட்டவர் தலையை ஆட்டுவார், அதோடு ஸம்பாஷணை பூர்த்தியாகிவிடும். நானும் பல வருஷம் இப்படித்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எம்.ஏ., எம்.பில். மாதிரி அதுவும் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் ஒரு பட்டம் என்று எனக்கு நினைப்பு. என் மூத்த பிள்ளை அங்கே என்ன வேலை செய்கிறான் என்று யாராவது கேட்டிருந்தால், "சாஃப்ட்வேர்" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் எனக்குத் தெரியாது. வெளியூர்க்காரர்களுக்குக் கொடுக்கும் இந்த விசாவையும், அதில் போனவர்கள் பார்க்கும் வேலையையும் பற்றி நான் தாமதமாகக் கற்றுக்கொண்டதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் 1990ல் நிறைவேறிய குடியேற்றச் சட்டம்தான் எச்-1பி என்ற பிரிவை உண்டாக்கியது. ஒரு குறிப்பிட்ட துறையில் குறைந்தபட்சம் இளநிலைப் பட்டமாவது தேவைப்படும் வேலையாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. வருஷத்துக்கு 65,000 பேர் என்று வரம்பு வைத்தார்கள். கணினித் தொழில் வேகமாக வளர்ந்தபோது அந்த வரம்பை உயர்த்தி, 2001 முதல் 2003 வரையான நிதியாண்டுகளில் 1,95,000 ஆக்கினார்கள். 2004ல் பழைய 65,000க்கே திரும்பிவிட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்காக அதன் மேல் 20,000 சேர்த்தார்கள். ஆக மொத்தம் 85,000.

இதில் போகிறவர்கள் எல்லோரும் கணினிக்காரர்கள் என்பது முழு உண்மை இல்லை. அமெரிக்க அரசின் கணக்குப்படி 2023 நிதியாண்டில் ஒப்புதல் பெற்ற மனுக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கணினி சார்ந்த வேலைகள். மீதி ஒரு பங்கில் ஸிவில், மெக்கானிகல் பொறியாளர்கள், கல்லூரி ஆசிரியர்கள், ஆராய்ச்சியாளர்கள், கணக்காளர்கள், டாக்டர்கள், பிஸியோதெரபிஸ்டுகள் எல்லோரும் உண்டு. புகழ்பெற்ற ஃபாஷன் மாடல்களுக்கும் இதே எச்-1பிதான் என்று சட்டத்தில் இருக்கிறது! நம் ஆத்துப் பிள்ளைகள் யாரும் அந்த வழியாகப் போனதாக எனக்குத் தகவல் இல்லை. அங்குள்ள கோவில்களுக்குப் போகும் அர்ச்சகர்கள் இதில் சேர மாட்டார்கள். மத ஊழியர்களுக்கென்று ஆர்-1 என்ற தனி விசா இருக்கிறது.

டாக்டர்கள் விஷயம் பலருக்குத் தெரியாது. ஜே-1 விசாவில் அங்கே போய் மேற்பயிற்சி முடிக்கும் வெளிநாட்டு டாக்டர் இரண்டு வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் டாக்டர்கள் கிடைக்காத ஊர் ஒன்றில் மூன்று வருஷம் வேலை செய்ய ஒப்புக்கொண்டால் விலக்குக் கிடைக்கும். ஒவ்வொரு மாநிலமும் வருஷத்துக்கு 30 டாக்டர்களுக்கு இந்த விலக்கைக் கோரலாம். அந்த மூன்று வருஷமும் எச்-1பியில்தான் வேலை. நியூயார்க், சிகாகோ என்று நாம் பெயர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நம் குழந்தைகளில் சிலர் பெயர் தெரியாத சிற்றூரில் ஓர் ஆஸ்பத்திரியைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எச்-1பிக்கு மனுப் போடுவது பையன் அல்ல, கம்பெனி. இந்த ஊரில், இந்த வேலைக்கு, இந்தச் சம்பளத்துக்கு இவர் வேண்டும் என்று கம்பெனி அரசுக்கு எழுதிக் கொடுக்கிறது. அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு நிலவும் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுப்பதாகவும் தொழிலாளர் துறைக்கு உறுதி தருகிறது. முதலில் மூன்று வருஷம், பிறகு இன்னொரு மூன்று வருஷம். க்ரீன் கார்டு வழக்கு நடந்துகொண்டிருந்தால் அதற்கு மேலும் நீட்டிக்கலாம். வேலை இருக்கும் வரை தங்கலாம். வேலை போனால் தங்கும் உரிமையும் ஆட்டம் காணும். மனைவி, குழந்தைகளுக்கு எச்-4. அது அவனுடைய எச்-1பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

2017 பிப்ரவரியில் கன்சாஸ் மாநிலத்தின் ஓலேத் நகரில் ஓர் இந்தியப் பொறியாளர் சுட்டுக் கொல்லப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்திம காரியங்களுக்காக இந்தியா வந்த அவர் மனைவிக்கு, திரும்பிப் போய் அங்கே இருக்கும் உரிமை இல்லாமல் போயிற்று. கணவரின் வேலையோடு கட்டிய உரிமை அவரோடேயே போய்விட்டது. பிறகு அந்தத் தொகுதியின் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் தலையிட்டு உதவினார்.

38 வருஷம் ஸர்க்கார் உத்தியோகம் பார்த்த எனக்கு இது புரியவே நாளாயிற்று. எனக்குத் தெரிந்த ஆபத்தெல்லாம் ட்ரான்ஸ்ஃபர்தான். ஒரு தடவை மேலதிகாரியோடு வாதம் செய்ததில் இரண்டு வருஷம் ஒரு சுரங்க ஊரில் வாசம். அவ்வளவுதான். "நாளை முதல் வேலை இல்லை, இரண்டு மாதத்தில் நாட்டை விட்டுப் போ" என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை.

இப்போது என் வீட்டு விஷயத்தைச் சொல்கிறேன். இதுவரை மேடையில் சொன்னதில்லை.

மூத்தவனுக்கு 2013ல் விசா கிடைத்தது. அந்த வருஷம் ஏப்ரல் முதல் வாரத்திலேயே சுமார் 1,24,000 மனுக்கள் வந்துவிட்டதால் குலுக்கல் போட்டார்கள். பெயர் விழுந்ததும் நான் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினேன். அக்டோபரில் அவனும் மாட்டுப்பெண்ணும் மூன்று வயதுப் பேத்தியும் நியூஜெர்ஸிக்குப் போனார்கள்.

2021 மே மாதம் என் மனைவிக்குக் கொரோனா. நாக்பூர் அப்போது இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் நாள் மூத்தவன் ஃபோனில், "அப்பா, நான் கிளம்பி வரேன்" என்றான். அவன் அங்கே தங்குவதற்கான நீட்டிப்பு ஒழுங்காக இருந்தது. ஆனால் பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா ஸ்டாம்ப் காலாவதியாகியிருந்தது. வெளியே வந்தால் இங்குள்ள தூதரகத்தில் புதிதாக வாங்கிக்கொண்டுதான் திரும்ப முடியும். தூதரகங்களோ வழக்கமான விசா வேலையை நிறுத்தியிருந்தன. போதாததற்கு மே 4 முதல், அதற்கு முந்தைய 14 நாட்களில் இந்தியாவில் இருந்தவர்கள் இந்த வகை விசாவில் அமெரிக்காவுக்குள் நுழையக் கூடாது என்று அங்கே உத்தரவு. சில விலக்குகள் இருந்தன, எதிலும் அவன் சேரவில்லை.

நான், "வராதேடா. வந்தா திரும்பிப் போக முடியாது. வேலை போயிடும். அம்மா தேறிடுவா" என்றேன்.

அம்மா தேறவில்லை. புனேயிலிருந்து காரில் வந்த இளையவன்தான் எல்லாம் செய்தான். வாத்தியார், "மூத்தவர்?" என்று கேட்டார். "ஃப்ளைட் கிடைக்கலை" என்றேன். உறவினர்களிடமும் அதையேதான் சொன்னேன். ஃப்ளைட் இருந்தது. அவனுடைய வேலை போய்விடுமே என்ற பயத்தில் நான்தான் தடுத்தேன். அந்த வேலை என்ன வேலை என்பது அன்றைக்கும் எனக்குத் தெரியாது.

2022 ஆகஸ்டில் என்னை அங்கே அழைத்துப்போனான். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கூடத்தில் விளக்கு எரிந்தது. பையன் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். "என்னடா இந்த நேரத்துல?" என்றேன். "ஆஸ்பத்திரி லேப்லேர்ந்து ரிஸல்ட் போகலைப்பா" என்றான். அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பல ஆஸ்பத்திரிகளின் பரிசோதனைக்கூடங்களில் ரத்தம் பார்க்கும் கருவிகளிலிருந்து முடிவுகள் கணினி வழியாக டாக்டரின் திரைக்குப் போகின்றன. அந்தப் பாதையைப் பழுதில்லாமல் வைத்திருப்பது அவன் வேலை. ஒருவருடைய முடிவு இன்னொருவர் பெயரில் போகக் கூடாது. ஸோடியம் 135 என்பது 153 என்று போய்ச் சேரக் கூடாது. முன்னது ஸரியான அளவு, பின்னது அளவுக்கு மீறியது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 38 வருஷம் நான் செய்த வேலையும் அதுதானே! ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் ஒரு சுரங்கத்தின் மதிப்பே மாறிவிடும் என்று ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் மூன்று தடவை பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். ஒரே தொழிலில் இருக்கும் இரண்டு பேர் ஒன்பது வருஷமாக, "சாப்பிட்டாயா, க்ரீன் கார்டு என்ன ஆச்சு" என்று மட்டும் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். அன்று விடியும் வரை பேசினோம்.

நான் அங்கே இருக்கும்போதே, 2023 ஜனவரியில், அவனுடைய கம்பெனி ஆட்குறைப்புச் செய்தது. கம்பெனி பெயர் வேண்டாம். காலையில் ஒரு மின்னஞ்சல், பத்து மணிக்குள் கணக்கெல்லாம் மூடியாயிற்று. 2017 ஜனவரியில் வந்த விதிப்படி வேலை போனவருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. சனி, ஞாயிறு உட்பட 60 நாள். அதற்குள் வேறொரு கம்பெனி இவருக்காகப் புது மனுப் போட வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற மனுச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். நான் குளிர்பெட்டிக் கதவில் ஒரு காலண்டர் ஒட்டி ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தேன். பத்தாம் நாள் பேத்தி அதைக் கிழித்துப் போட்டுவிட்டாள். "தாத்தா, ப்ளீஸ், அதைப் பார்க்க எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

47ஆம் நாள் வேறொரு கம்பெனி மனுப் போட்டது. மனு பதிவானதுமே வேலையில் சேரலாம் என்று 2000ஆம் வருஷச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதுதான் காப்பாற்றியது. சம்பளம் முன்னதைவிடக் குறைவு. யாரும் பேரம் பேசவில்லை.

இவ்வளவு வருஷமாகியும் க்ரீன் கார்டு ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். வேலை அடிப்படையில் வருஷத்துக்குச் சுமார் 1,40,000 க்ரீன் கார்டுகள். மனைவி, குழந்தைகளும் இந்தக் கணக்கில்தான். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் நூற்றுக்கு 7க்கு மேல் கிடையாது, அதாவது 9,800. மற்ற நாட்டவர் எடுக்காமல் மீந்தால் கொஞ்சம் கூடும். ஆனால் எச்-1பி மனுக்களில் 2023 நிதியாண்டில் நூற்றுக்கு 72 இந்தியாவில் பிறந்தவர்களுடையவை. வாசல் சிறியது, வரிசை நீளம். 2025ஆம் வருஷத்தில் ஈபி-2 என்ற பிரிவில் இந்தியர்களுக்கு 2012, 2013ல் பதிவானவர்களின் முறைதான் நடந்துகொண்டிருந்தது. என் பிள்ளையின் பதிவு 2016. பேத்தி பிறந்தது 2010ல், இந்தியாவில். 2031ல் அவளுக்கு 21 வயது பூர்த்தியாகும். அதன் பிறகு அவள் அப்பாவின் எச்-4ல் இருக்க முடியாது. மூன்று வயதில் போன குழந்தை, மராட்டியும் மறந்து தமிழும் பாதி மறந்தவள், தனக்கென்று வேறொரு விசா தேட வேண்டும்.

சமீபத்திய மாற்றங்களையும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பரில் வந்த ஒரு பிரகடனம், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகப் போடும் புது எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்றது. ஏற்கெனவே அங்கே இருப்பவர்களின் நீட்டிப்புக்கு அது இல்லை என்று விளக்கமும் தந்தார்கள். 2025 டிசம்பரில், சம்பளப் படி உயர உயரக் குலுக்கலில் வாய்ப்பும் கூடும்படி ஒரு விதியை இறுதி செய்தார்கள். அதே மாதம் இந்தியாவில் ஸ்டாம்பிங் நேர்காணல் தேதி வாங்கியிருந்த பலருக்கு அது பல மாதம் தள்ளிப்போய், விடுமுறைக்கு வந்தவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு வேலை வேண்டும் என்று அந்த நாடு நினைப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. அது அவர்கள் வீடு. நம் குழந்தைகள் நிற்கும் தரை எப்படிப்பட்டது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவே.

ஆகவே பெற்றோர்களுக்குச் சில விண்ணப்பங்கள்.

ஒன்று: யார் சம்பளம் தருகிறார்கள், வேலை யாரிடம் என்று கேட்டு வையுங்கள். கன்ஸல்டன்ஸி ஒன்று சம்பளம் கொடுத்து, வேறொரு கம்பெனிக்கு அனுப்பி வேலை வாங்குவது ஸகஜம். அடுத்த வேலை கிடைக்கும் வரை "பெஞ்ச்"சில் உட்காரவைத்தாலும் சம்பளம் தர வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். எச்-1பி மனுவுக்கான செலவு கம்பெனியுடையது. அதற்கென்று இங்கே யாராவது லட்சக்கணக்கில் பணம் கேட்டால், ஜாக்கிரதை. ஒப்பந்தக் காலம் முடியுமுன் கம்பெனியே வேலையை விட்டு நீக்கினால், ஊர் திரும்பும் பயணச் செலவையும் அது கொடுக்க வேண்டும்.

இரண்டு: ஸ்டாம்ப் தேதி வேறு, அங்கே தங்கும் தேதி வேறு. தங்கும் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். கல்யாணம், சீமந்தம் என்று இங்கே முஹூர்த்தம் குறிக்குமுன் இரண்டையும் கேளுங்கள். "ஒரு நாலு நாள் வந்துட்டுப் போயேன்" என்று நாம் லேசாகச் சொல்வது அவர்களுக்கு லேசான விஷயம் இல்லை.

மூன்று: வரன் பார்க்கும்போது விசாவின் பெயரைக் கேட்டுவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். பையன் என்ன வேலை செய்கிறான், பெண் அங்கே வேலை பார்க்க முடியுமா என்று கேளுங்கள். எச்-4ல் போகும் பெண் எடுத்தவுடன் வேலைக்குப் போக முடியாது. 2015 மே முதல், கணவரின் க்ரீன் கார்டு வழக்கு ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் அனுமதி கோரலாம். என் மாட்டுப்பெண் எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி. இங்கே ஆஸ்பத்திரியில் நல்ல வேலையில் இருந்தவள். அங்கே 2013 முதல் 2017 வரை ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தின்போது இதைப் பற்றி நாங்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் குற்றமும் என் கணக்கில்தான்.

நான்கு: குழந்தைகள் அனுப்பும் பணத்தில் இங்கே மூன்றாவது ஃப்ளாட் வாங்குவதைவிட, அவர்கள் கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். 60 நாளில் அதுதான் தைரியம்.

ஐந்தாவதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். 2024 மே மாதம் என் மனைவியின் சிராத்தத்துக்கு மூத்தவன் வந்தான். மும்பையில் ஸ்டாம்பிங் கிடைத்து, நேரே இங்கே வந்து, முதல் தடவையாகத் தன் கையால் அம்மாவுக்குப் பிண்டம் போட்டான். அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, வாத்தியாரிடம் நான் சொன்ன பொய்யை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நீ சொல்லாட்டாலும் நான் வந்திருக்க முடியுமோ என்னவோ தெரியலைப்பா. ஆனா என்னைக் கேட்டிருக்கலாம். அந்த முடிவை நானே எடுத்திருப்பேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது.

ஆகவே, நமக்கு உடம்பு நன்றாக இருக்கும்போதே குழந்தைகளோடு உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள். "எங்களுக்கு ஏதாவது ஒன்று ஆனால் உன்னால் வர முடியுமா, வந்தால் என்ன ஆகும், வராவிட்டால் உன் மனசு என்ன ஆகும்?" என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் அது அவர்களுடையதாக இருக்கட்டும். அவர்களுக்காக நாம் பயந்து, நாமே முடிவு செய்ய வேண்டாம்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நான் க்ரீன் கார்டு பற்றிக் கேட்பதில்லை. "இந்த வாரம் ராத்திரி எத்தனை தடவை எழுப்பினா? எந்தக் கருவி தகராறு பண்ணித்து?" என்று கேட்கிறேன். அவனும் உற்சாகமாகச் சொல்கிறான். இன்றைக்கு உங்களில் யாராவது என்னிடம், "பையன் என்னவாக இருக்கான்?" என்று கேட்டால், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் யாரோ ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவு சரியாக டாக்டரிடம் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்கிறான் என்று சொல்வேன். விசாவின் பெயரைக் கேட்டால் அதையும் சொல்கிறேன், ஆனால் அப்புறமாக.

ரஸம் ஆறுவதற்குள் கிளம்பலாம்.